கடைசி இடத்துக்கான போட்டி

அந்த லீக்கில் மொத்தம் பதினாறு அணிகள். பதினான்கை நடத்தியவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தார்கள். மீதி இரண்டில் ஒன்று தென்காசியில் என் கையில். மற்றது கடையத்தில் என் சிநேகிதியின் கையில்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும் பேஸ்பால் அது. ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட நிஜ மனிதர் இல்லை. மென்பொருளே அவர்களை உண்டாக்கிப் பெயர் வைக்கும், வயதைக் கூட்டும், தோள்பட்டையில் காயம் கொடுக்கும், முப்பத்தெட்டு வயதில் வீட்டுக்கும் அனுப்பிவிடும். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, புதிதாக யாரை எடுப்பது என்பதுதான் எங்கள் வேலை. லீக்கை நடத்தியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கோ ஒரு சின்ன ஊரில், தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்துவார். பதினாறு அணிகளும் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஆடி முடித்துவிடும். இங்கே அப்போது காலை ஐந்தரை மணி. இப்படியே இரண்டு மாதம் போனால் ஒரு சீசன் முடியும்.

இதில் நாங்கள் மாட்டிக்கொண்டது சிநேகிதியின் தம்பியால். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவன்தான் முதலில் ஓர் அணியை வைத்திருந்தான். குழந்தை பிறந்ததும் நேரமில்லாமல் போக, "அக்கா, நீதான் காலேஜ்ல ஆடுனவ, இதைப் பாத்துக்கோ" என்று அக்காவிடம் தள்ளிவிட்டான். அவள் ஒரு வாரம் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, இன்னொரு டீமும் ஆளில்லாம காலியா கெடக்கு. நீ எடுத்துக்க. தனியா ஆடுனா கிறுக்கு புடிச்சிரும்."

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் இருவரும் சாஃப்ட்பால் அணியில் இருந்தோம். பேஸ்பாலுக்குத் தங்கை மாதிரியான ஆட்டம். பந்து கொஞ்சம் பெரியது, கையைக் கீழே சுழற்றி வீச வேண்டும், அவ்வளவுதான். வீசுகிற பிட்சர் நான். அடிக்கிறவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர்போலப் பந்தைப் பிடிக்கிற கேட்சர் அவள். எந்தப் பந்து வேண்டும் என்று அவள் விரலால் சைகை காட்டுவாள்; நான் வீசுவேன். மூன்று வருஷம் அப்படி ஓடியது. பிறகு அவள் கல்யாணமாகிக் கடையத்தில் ஒரு நெல் அரவை மில்லுக்குள் போனாள். நான் தென்காசியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன் ஆனேன். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவோம்.

லீக் வந்தபிறகு தினமும் பேச்சு. ஐந்தரைக்கு முடிவு வரும். ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் போன் வரும். ஆறரைக்கு நான் பரிசோதனை நிலையத்தைத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அதுவரைக்கும் பேச்சுத்தான். "கல்யாணமான புதுசுல என்கிட்டகூட நீ இவ்வளவு பேசல" என்பார் என் வீட்டுக்காரர், காபியை ஆற்றிக்கொண்டே.

லீக்கில் எனக்கு மிகவும் பிடித்தது டிராஃப்ட். ஒவ்வொரு சீசன் முடிவிலும் மென்பொருள் ஒரு கூட்டம் இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். பதினாறு அணிகளும் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் முறை, முதலிடத்தில் வந்த அணிக்குக் கடைசி முறை. மெலிந்தவனுக்கு முதல் கவளம் என்கிற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. ஆனால் எங்கள் ஆறாவது சீசனில் அது ஆட்டத்தையே கெடுத்துக்கொண்டிருந்தது.

முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் கோப்பைக்கு ஆட முடியும். அது கிடைக்காது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து ஜெயிப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒவ்வொரு வெற்றியும் டிராஃப்ட் வரிசையில் ஓர் இடம் பின்னால் தள்ளியது. அதனால் சீசனின் கடைசி இருபது நாளும் கீழே கிடந்த ஐந்தாறு அணிகள் போட்டி போட்டுத் தோற்றன. நல்லவர்களை உட்கார வைத்துவிட்டு, பிட்சர்களுக்குப் பதிலாக வேறு யாரையாவது வீசவிட்டார்கள். ஒருநாள் தோற்கத் துடித்த இரண்டு அணிகளே ஒன்றோடொன்று மோதி, பத்தொன்பதுக்குப் பதினேழு என்று முடிந்தது. ஜெயித்தவர் குழுப் பக்கத்தில், "எவ்வளவோ முயன்றும் முடியவில்லை" என்று வருத்தத்தோடு எழுதினார். எல்லாரும் சிரித்தோம். தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் ஒவ்வொரு இரவும் இந்தப் பொத்தானை அழுத்துவது இதற்காகத்தானா என்று யோசிக்கிறேன்" என்று ஒரே வரி எழுதியிருந்தார். சீசனுக்குச் சீசன் இரண்டு மூன்று பேர் விலகிப் போய்க்கொண்டும் இருந்தார்கள்.

அந்த வாரத்தில்தான் சிநேகிதியின் அணிப் பட்டியலைப் பார்த்தேன். அவளுடைய மிகச் சிறந்த பிட்சர் வெளியே உட்கார்ந்திருந்தான். காயமில்லை, களைப்பில்லை.

"அவனை எதுக்கு உக்கார வச்சிருக்க?" என்றேன் போனில்.

"ஏன், ஒனக்குத் தெரியாதாக்கும்? வரப்போற கூட்டத்துல ஒரு கேட்சர் இருக்கான் பாத்தியா? பத்தொம்பது வயசு. அப்படி ஒருத்தன் இனிமே எப்போ வரப்போறான்? எனக்கு மொத முறை கெடைச்சே ஆகணும்."

"அதுக்குத் தோக்கணுமா?"

"எல்லாவனும்தான் தோக்கான். நான் மட்டும் ஜெயிச்சு என்ன செய்ய?"

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். யானைப் பாலத்தைத் தாண்டும்போது, எத்தனையோ வருஷமாக நான் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு மத்தியானம் வந்து நின்றது.

மூன்றாம் வருஷம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. லீக் சுற்றில் கடைசி ஆட்டம். அதில் தோற்றால் அரையிறுதியில் சுலபமான அணி வரும் என்று எங்கள் பயிற்சியாளர் கணக்குப் போட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு லேசாப் போட்டா போதும்" என்றார். போட்டேன். தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஏழு இன்னிங்ஸிலும் போட்டேன். எதிரணிப் பெண்கள் சந்தோஷமாக அடித்தார்கள். அரையிறுதியில் அந்தச் சுலபமான அணியிடம் உண்மையாகவே தோற்றோம். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை. வேறு காரணங்களும் இருந்தன. கல்யாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அந்த மத்தியானமும் ஒரு காரணம்.

அன்று சாயங்காலமே தபால்காரருக்கு எழுதினேன், டிராஃப்ட் விதியை மாற்றினால் என்ன என்று. கீழே வரும் அணிகளுக்குக் குலுக்கல் போட்டு வரிசை வைக்கலாம் என்பது என் முதல் யோசனை. அவர் பொறுமையாகப் பதில் போட்டார். நாங்கள் சேர்வதற்கு முன்பே குலுக்கலைப் பார்த்தாகிவிட்டதாம்; நிஜமாகவே மோசமான ஓர் அணிக்கு மூன்று சீசன் தொடர்ந்து ஐந்தாவது சீட்டு விழ, அதன் சொந்தக்காரர் மனம் வெறுத்துப் போய்விட்டாராம்.

நான்கைந்து நாள் அதே யோசனை. தோற்றவர்களுக்கு உதவ வேண்டும். தோற்பதற்கு உதவக் கூடாது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஊசி குத்தும்போதும் அதே நினைப்பு. ஒரு பெரியவர், "ஏம்மா, நரம்பு கெடைக்கலியா?" என்று கேட்டபிறகுதான் கையில் ஊசியோடு சும்மா நிற்கிறேன் என்று உறைத்தது.

விடை பழைய சீசன்களின் பட்டியலில் இருந்தது. ஒவ்வோர் அணியும் எந்த நாளில் கோப்பை வாய்ப்பை இழந்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன். மோசமான அணி சீக்கிரமே வெளியேறிவிடுகிறது, சுமாரான அணி கடைசி வாரம் வரை இழுக்கிறது. அப்படியானால், வெளியேறிய நாளிலிருந்து ஓர் அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கிறதோ அதை வைத்து டிராஃப்ட் வரிசையை முடிவு செய்யலாமே? அதிகம் ஜெயித்தவருக்கு முதல் முறை. மோசமான அணிக்கு மற்றவர்களைவிட அதிக நாள் கையில் இருக்கும். அதுதான் அதற்குக் கிடைக்கும் உதவி. ஆனால் அந்த நாள்களில் ஜெயித்தாக வேண்டும். யாருக்கும் தோற்பதில் லாபமில்லை.

பழைய சீசன்களை இந்த விதிப்படி ஓட்டிப் பார்த்தேன். நிஜமாகவே நலிந்திருந்த அணிகள் முதல் மூன்று முறைக்குள் வந்துவிட்டன. வேண்டுமென்றே தோற்ற அணிகள் பின்னால் போயின. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரரை உட்கார வைத்து விளக்கினேன். அவருக்கு பேஸ்பால் தெரியாது. "அப்போ கடைசி இடத்துல கெடக்கவனுக்கும் மறுநாள் எந்திரிக்க ஒரு காரணம் இருக்கும்" என்றார். அந்த வாக்கியத்தையே ஆங்கிலத்தில் போட்டு என் யோசனையைத் தொடங்கினேன். பதினாறில் பதினொரு பேர் சம்மதித்தால் இந்த சீசனிலிருந்தே அமலுக்கு வரும் என்று தபால்காரர் வாக்கெடுப்பு வைத்தார்.

சிநேகிதியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்ற பயமா, அவளைத் திருத்திவிட வேண்டும் என்ற வீம்பா, தெரியவில்லை. மறுநாள் காலை ஐந்து முப்பத்தைந்துக்குப் போன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒன்பது நாள் வரவில்லை.

வாக்கு பத்துக்கு ஐந்து என்று வந்து நின்றது. போடாதவள் அவள் ஒருத்திதான். பத்தாம் நாள் குழுப் பக்கத்தில் அவள் எழுதினாள். அவள் ஆங்கிலம் சுருக்கமானது. "விதி நல்லது. இந்த சீசனுக்கு வேண்டாம். நாங்கள் பழைய விதியில் தோற்றோம்." அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணிக்கு நிலையத்தைப் பூட்டிவிட்டு நேரே கடையத்துக்கு பஸ் ஏறினேன்.

மில் முற்றத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இமையெல்லாம் உமித் தூசியோடு அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"வாட்டி. சொல்லாம கொள்ளாம வந்திருக்கன்னா சண்டைக்குத்தான் வந்திருக்க."

"விதி நல்லதுன்னு நீயே எழுதியிருக்க. பெறகு ஓட்டுப் போட்டா என்ன?"

"நல்லதுதான், யாரு இல்லங்கா? கடைசியா வந்தா மொத ஆளுன்னு சொல்லித்தான எங்களை ஆடவிட்டாங்க? முக்காவாசி ஆட்டம் முடிஞ்ச பெறகு கோட்டை அழிச்சு வேற எடத்துல போட்டா அது என்ன நியாயம்?"

"நீ வேணும்னுதான தோத்த?"

அவள் துண்டை அவிழ்த்து உதறினாள். "வேணும்னு தோத்தது பத்துப் பதினஞ்சு நாளு. அதுக்கு முன்னாடி ஒன்றரை மாசம் நெசமாவே தோத்தேன். தெனமும் காலையில ஒனக்குப் போனைப் போட்டு பொலம்புனேம்லா? அதை யாரு கணக்குல எடுத்தா?"

அவள் அணியில் இரண்டு பேருக்குத் தோள்பட்டை போனதும், மூன்றாமவன் அடிப்பதையே மறந்ததும் எனக்குத் தெரியும். ஆறாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நியாயம் எழுதியிருந்தேன்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் மோர் கொடுத்தாள். மெஷின் சத்தம் சுவருக்கு அப்பால் அதிர்ந்துகொண்டிருந்தது. டம்ளரை வாங்கி வைத்தபடி அவளே கேட்டாள்:

"அந்தப் பழைய மேட்ச்சை நெனைச்சுத்தான இதை எழுதுன?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். அன்னைக்கு சார் ஒன்கிட்ட மட்டும் சொல்லல. என்கிட்டயும் சொன்னாரு. நேரா நடுவுல லேசாப் போடுன்னு நாந்தான் ஒவ்வொரு பந்துக்கும் வெரல் காட்டுனேன். நீ போட்ட. அதுக்குப் பெறகு நீ ஆடவே வரல. என்மேல கோவம்னு நெனைச்சேன்."

"நீதான் என்னைய கேவலமா நெனைக்கன்னு நான் நெனைச்சேன்."

"கிறுக்கச்சி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கோம் பாரு. சவத்தை விடு. இப்போ என்ன செய்யப் போற?"

"அடுத்த சீசன்லேருந்துன்னு மாத்துதேன்."

"அப்போ நான் போடுதேன்."

அவள் வீட்டு மேஜையிலிருந்தே தபால்காரருக்கு எழுதினேன்: என் சிநேகிதி சொல்வது சரி, ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவதும் ஒருவகை ஏமாற்றுத்தான், இது அடுத்த சீசனுக்கு இருக்கட்டும். மறுநாள் அவள் வாக்கும் விழுந்தது, எதிர்த்த ஐந்து பேரில் நான்கு பேரும் மாறி வாக்களித்திருந்தார்கள். விதியை அல்ல, அவசரத்தைத்தான் எதிர்த்தோம் என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். கனடாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவர் மட்டும் பிடிவாதமாக இருந்தார். இதெல்லாம் தேவையில்லாத சிக்கல் என்பது அவர் கட்சி.

அந்த டிராஃப்டில் அவளுக்கு முதல் முறை கிடைத்தது. கேட்சரை எடுத்தாள். எடுத்த உடனே எனக்குப் போன் போட்டு, "வந்துட்டான்ட்டி" என்றாள், பேறுகால வீட்டிலிருந்து சேதி சொல்வதுபோல.

ஆனால் பத்தொன்பது வயது கேட்சர் ஆளாக இன்னும் சில சீசன்கள் ஆகும். அதனால் அடுத்த சீசனிலும் அவள் அணி தள்ளாடியது. என் அணி அதைவிட மோசம். தொடக்கத்திலேயே மூன்று பிட்சர்களுக்குக் கை போயிற்று. நாற்பத்தோராம் நாள் காலையில் அது கோப்பை வாய்ப்பை இழந்தது. லீக்கிலேயே முதலில் வெளியேறிய அணி என்னுடையதுதான். முன்பென்றால் அன்றோடு அணிப் பட்டியலைத் திறப்பதை விட்டிருப்பேன். இந்த முறை அன்றுதான் உட்கார்ந்து ஒவ்வொருவனையும் திரும்பப் பார்த்தேன். உபயோகமில்லை என்று ஓரமாக வைத்திருந்த முப்பத்தாறு வயதுக்காரன் ஒருவனை வீசவிட்டேன். அவன் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் அணி வெளியேறியது, பிறகு கனடாக்காரர் அணி. தபால்காரர் எங்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். கோப்பைக்கு ஆடுகிறவர்கள்கூட அதைத்தான் முதலில் பார்த்தார்கள். இந்தப் பக்கம் காலை ஐந்து முப்பத்தைந்துக்குப் போன் மறுபடியும் அடித்தது.

சீசனின் கடைசி நாளுக்கு முதல் நாள் அவள் தென்காசிக்கு வந்து என் வீட்டில் தங்கினாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஒரு வாரமாகியிருந்தது. மறுநாள் நிலையத்துக்கு நான் லீவு சொல்லியிருந்தேன்; விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரில் கிளம்பினோம். இலஞ்சி தாண்டும்போதே முகத்தில் பூத்தூறல் விழுந்தது. "கண்ணாடியைத் தொடைச்சிட்டு ஓட்டு, சாகடிச்சிராத" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள்.

பேரருவியில் பெண்கள் வரிசை அந்த நேரத்திலேயே நீண்டிருந்தது. பிளாஸ்டிக் பைக்குள் போனை வைத்துக்கொண்டு இருவரும் அதில் நின்றோம். மூன்று அணிகளுக்கும் ஒரு வெற்றி இப்படி அப்படித்தான் வித்தியாசம். ஐந்தரைக்கு முடிவு வரவில்லை. ஐந்து நாற்பதுக்கும் இல்லை. தபால்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவள் கவலைப்பட ஆரம்பித்தாள். ஐந்து நாற்பத்தெட்டுக்கு வந்தது.

நான் மூன்றில் இரண்டு ஜெயித்திருந்தேன். அவள் மூன்றும். அப்படியும் முதல் முறை கனடாக்காரருக்குப் போயிற்று. ஒரே ஒரு வெற்றி கூடுதல். அவள் இரண்டாவது, நான் மூன்றாவது.

"போச்சு!" என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

குழுப் பக்கத்தில் கனடாக்காரர் ஏற்கெனவே எழுதியிருந்தார்: இந்த விதிக்கு எதிராக வாக்களித்தவன் நான்; கோப்பை ஜெயித்த வருஷத்தில்கூட இந்த இரண்டு வாரம் மாதிரி எனக்கு இருந்ததில்லை. அதன் கீழே தபால்காரர், பொத்தானை அழுத்தத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். அவர் மனைவியும் முடிவைப் பார்க்க வேண்டும் என்று பாத்திரம் கழுவி முடித்து வரும்வரை காத்திருந்தாராம். இந்த முறை ஒருவரும் லீக்கை விட்டு விலகவில்லை என்றும் எழுதியிருந்தார்.

வரிசை நகர்ந்தது. அருவிச் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. அவள் என் காதருகே வந்தாள்.

"ஏட்டி, மூணாவது முறையில யாரை எடுக்கப் போற?"

"சொல்லமாட்டேன்."

"எனக்கு அடுத்து நீதான. சொன்னா ஒனக்கு விட்டுக்குடுப்பேம்லா?"

"நீயா? விட்டுக்குடுப்பியா?"

"கேட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள்.